ரைஸ்மில்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

இன்றைக்கும் நேரம் தப்பவில்லை. சாரதாமணி மூன்றாவது தெருவின் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி மெயின்ரோட்டுக்கு வரவும், செல்லமீனா பஸ் வேகத்தடையில் ஊர்ந்து அந்த முனைக்கு வரவும் சரியாக இருந்தது. பதினோரு வருஷமாக இப்படித்தான். வேலன் நகர் நிறுத்தம் நூறடி பின்னால் இருக்கிறது. அங்கே போய்க் கால்கடுக்க நிற்பதெல்லாம் நேரத்தைக் கணித்து வீட்டை விட்டுக் கிளம்பத் தெரியாதவர்கள் செய்கிற வேலை. "வாங்க்கா, பாத்து, மெதுவா ஏறுங்" என்றார் கண்டக்டர் குப்புராஜ். தோள்பை, சாப்பாட்டுப் பை, குடை மூன்றும் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அது என்னவோ எப்போதும் காலியாகத்தான் இருக்கும். "உக்காந்தாச்சுங்களா? போலாம் ரைட்." விசில். அவள் மூச்சு அடங்குவதற்குள் ரைஸ்மில் வந்துவிட்டது. போனில் மணி எட்டு பதின்மூன்று. எட்டு பத்துக்கு வேலன் நகர், எட்டு பதின்மூன்றுக்கு ரைஸ்மில், மூன்றே நிமிஷம், ஒரு நாள்கூட மாறியதில்லை. இதைத்தான் பின்படிக்கட்டு என்ற பெயரில் எழுதுகிற ஒருத்தன் இல்லை என்று சொல்கிறான். சொல்லட்டும், ஒன்பது மணியோடு அவன் கதை முடிந்தது. சாரதாமணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வழித்தடம் விக்கியின் நிர்வாகி ஊர்க்குருவி அனுப்பியிருந்த செய்தியை மறுபடியும் படித்தாள். "துல்லியம் அவர்களே, நீங்கள் கொடுத்த புகாரின்மேல் காலை ஒன்பதுக்கு முடிவு எழுதுகிறேன். பயனர் பின்படிக்கட்டை நிரந்தரமாகத் தடை செய்யலாம் என்றே எனக்கும் படுகிறது. கடைசியாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் அதற்குள் சேர்த்துவிடுங்கள்." துல்லியம் என்பது அவள்தான். அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள், வேறு யார் வைப்பார்கள்.

வழித்தடம் விக்கி என்றால் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு இன்னும் விளங்கவில்லை. "ஏம்புள்ள, பஸ்ஸுல போறதும் பத்தாதுன்னு பஸ்ஸப் பத்தி வேற எழுதறியா" என்பார். கோயம்புத்தூரில் ஓடுகிற டவுன் பஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எங்கே புறப்படும், எங்கெங்கே நிற்கும், எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இங்கேதான் வம்பு. ஊரே கூடி ஒரு பக்கத்தை எழுதினால் ஊர்ச்சண்டையும் அந்தப் பக்கத்திலேயே நடக்கும். ஆரம்ப நாளில் ஒருத்தன் தன் மாமனார் வீட்டை நிறுத்தம் என்று எழுதினான், இன்னொருத்தன் தனக்குப் பிடிக்காத டிரைவரைத் திட்டி அரைப்பக்கம் எழுதினான். அப்போது உட்கார்ந்து விதிகள் எழுதியவள் சாரதாமணி. மொத்தம் பன்னிரண்டு. ஒன்று, எதிராளி நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொள். ஆறு, சான்று இல்லாததை எழுதாதே, இரண்டு இடத்தில் கிடைத்ததை ஒட்டுப்போட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாதே. ஒன்பது, உன்னைப் பற்றியதை நீயே தொகுக்காதே. எழுதி முடித்த அன்றைக்கு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்த நிம்மதி இருந்தது அவளுக்கு. இருநூற்றுச் சொச்சம் பேர் எழுதுகிறார்கள், ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, ஆனாலும் அந்தப் பன்னிரண்டைத் தாண்டிப் பெரிதாக யாரும் போனதில்லை. நல்ல ஜனங்கள். உண்மையில் நல்ல ஜனங்கள். இந்த ஒருத்தனைத் தவிர. போன வருஷம் ஆடி மாசம் வந்து, அவளுடைய சொந்த வண்டி மாதிரியான செல்லமீனாவின் பக்கத்தில் கை வைத்தான். ஒரே ஒரு வரி. "வேலன் நகருக்கும் ரைஸ்மில்லுக்கும் நடுவில் இன்னோர் இடத்திலும் இந்த வண்டி நிற்கும். வாரநாட்களில், காலை நடையில் (ட்ரிப்பில்) மட்டும்." அப்படி ஒரு நிறுத்தமே இல்லையே. அவள் எடுத்தாள். அவன் போட்டான். அவள் எடுத்து, "நான் இந்த வண்டியில் தினமும் பயணிக்கிறேன், அப்படி ஒரு நிறுத்தம் இல்லை" என்று எழுதினாள். இரண்டு நாள் கழித்து அவன், "இருக்கிறது. ஏன் நிற்கிறது என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன், மன்னிக்கவும்" என்று எழுதினான். மன்னிக்கவுமாம். காரணம் சொல்ல மறுத்தல், பிடிவாதம், ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்தல், மூன்றையும் புகாரில் எழுதிவிட்டாள்.

பக்கத்து சீட்டில் மில்லுக்குப் போகிற பெண் தூங்கி அவள் தோளில் சாய்ந்தாள். சாயட்டும் என்று சாரதாமணி அசையாமல் இருந்தாள். எண்ணெய் வைத்த தலை, இரண்டு முழம் மல்லிகை. வெளியே டீக்கடை, பஞ்சர் கடை, பேக்கரி, இன்னொரு பேக்கரி. இந்த ஊரில் மனுஷனைவிட பேக்கரி அதிகம். பின்னால் ஹாரன் கதறியது, வேறென்ன, முருகவேல்தான். செல்லமீனாவுக்கு மூன்று நிமிஷம் பின்னால் வரவேண்டிய வண்டி, ஒன்றரை நிமிஷத்தில் வந்து வாலைக் கடிக்கும். தனியார் டவுன் பஸ்ஸில் ஒரு நிமிஷம் என்பது சும்மா இல்லை. முன்னால் போகிற வண்டி ஒரு நிமிஷம் தங்கினால் பின்னால் வருகிறவனுடைய ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும், டைம் கீப்பரிடம் பஞ்சாயத்தாகிவிடும். டிரைவர் ரங்கண்ணன் பரம சாது, ஆனால் போன தைப்பூசத்தன்று முருகவேல் டிரைவரோடு நடுரோட்டில் இறங்கிச் சண்டை போட்டார். "அரை நிமிசமாவது உனக்குக் கணக்கிருக்குதாடா" என்று அவன் கேட்க, "எனக்கிருக்குது கணக்கு, நீ போ" என்று இவர் சொன்னார். சாரதாமணி அப்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணா, எட்டு பதிமூணுக்கு ரைஸ்மில், நம்ம வண்டி கரெக்ட் டைமுங்க" என்று சாட்சி சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பெண்பிள்ளை தெருச்சண்டையில் வாய் கொடுத்ததற்குச் சிரித்திருப்பார்கள். நேரம் என்று வந்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்திருந்த சர்க்கரைக்காரர் ஒருவர், ராத்திரியிலிருந்து சாப்பிடாதவர், காத்திருந்த பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார். நெற்றி தரையில் பட்ட சத்தம் அவள் படியேறும்போது கேட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு தையல், எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து, "பரவால்லம்மா" என்றார். அந்தப் பரவால்லம்மாவைத் தாங்க முடியாமல்தான் அவள் மணிக்கூண்டாக மாறினாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தாமதமில்லை. பதினோரு வருஷம் இந்த வண்டி, அதற்கு முன் வேறு வண்டி. வேறு வண்டி காலத்தில் மட்டும் அடிக்கடி தவறவிட்டாள், அது வண்டியின் கோளாறு, அந்த டிரைவருக்கு நேரம் தெரியாது.

பின்படிக்கட்டு கடைசியாகப் போட்டிருந்த சான்றை அவள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. நேற்று சாயங்காலம் போட்டிருக்கிறான். படிக்காமல் தடை வாங்கிக் கொடுப்பது நியாயமில்லை, விதி மூன்று. திறந்தாள். மூன்று மாசம், வாரநாள் ஒவ்வொன்றும், ரைஸ்மில்லில் வண்டி வந்த நேரம். எட்டு பதின்மூன்று, எட்டு பதின்மூன்று, எட்டு பதின்மூன்று. பார்த்தாயா, நான் சொன்னதுதானே. அடுத்த வரியில் எட்டு பன்னிரண்டு. ஜூன் பன்னிரண்டாம் தேதி. பிறகு மறுபடியும் எட்டு பதின்மூன்றாக ஓடி, ஜூலை மூன்றும் நான்கும் எட்டு பன்னிரண்டு. ஆகஸ்ட் இருபத்தொன்று, எட்டு பன்னிரண்டு. அவ்வளவுதான், நான்கே நாள். கீழே ஒரு குறிப்பு. "இந்த நான்கு நாளும் அந்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. மற்ற நாள் நின்றது." அவள் உதட்டைப் பிதுக்கினாள். நான்கு நாள் ரோடு காலியாக இருந்திருக்கும். ஜூன் பன்னிரண்டு என்ன நாள், லீவு நாளா? இல்லை, அன்றைக்குத்தான் அவளுக்குக் காய்ச்சல், நாச்சிமுத்து கஞ்சி வைக்கிறேன் என்று அடிப்பிடிக்க விட்டார். ஜூலை மூன்று என்ன. ஜூலை மூன்று, நான்கு. காங்கயத்தில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து, முதல்நாளே போய்விட்டார்கள், கிடா வெட்டு, அந்தக் குழந்தை அழுத அழுகை. விசேஷ வீடு, நல்ல சாப்பாடு. ஆகஸ்ட் இருபத்தொன்று. பஸ் சிக்னலில் நின்றது. ஆகஸ்ட் இருபத்தொன்று பல் பிடுங்கினாள். அவள் நாக்கு தானாகப் போய் அந்தக் காலி இடத்தைத் தொட்டது.

தற்செயல். நாலு தேதி எப்படி வேண்டுமானாலும் பொருந்தும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், வெளியே பார்க்க ஒன்றுமில்லை, திரும்பப் போனைப் பார்த்தாள். ஆய்வகத்தில் ஓர் அளவு சந்தேகமாக வந்தால் என்ன செய்வாள்? ஒவ்வொரு பொருளாக எடுத்துவிட்டு மறுபடி அளப்பாள். எதை எடுத்ததும் அளவு மாறுகிறதோ அதுதான் காரணம். இருபது வருஷமாகச் செய்கிற வேலை, இதற்குப் பெரிய மூளை வேண்டாம். இந்த வண்டியிலிருந்து எதை எடுத்தால் ஒரு நிமிஷம் குறைகிறது. சீச்சீ. என்ன நினைப்பு. வண்டி அங்கே நிற்கவில்லை, வேகத்தடையில் ஊர்கிறது, அவள் ஏறிக்கொள்கிறாள், இதில் யார் யாருக்காக நின்றார்கள். வேகத்தடை. வேகத்தடைதான் மாசியில் ரோடு போட்டபோது போய்விட்டதே. பளபளவென்று தார், ஒரு மேடு இல்லை, பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள் என்று அவளே புலம்பியிருக்கிறாள். மாசி, பங்குனி, சித்திரை. விரல் விட்டு எண்ணினாள். வேகத்தடை இல்லாத ரோட்டில் எட்டு மாசமாக எந்த வேகத்தடையில் பஸ் ஊர்ந்தது? எட்டு பத்துக்கு வேலன் நகர் என்கிறாளே, அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாளா? இல்லை. அது அச்சடித்த கால அட்டவணையில் இருப்பது. ரைஸ்மில் மட்டும்தான் அவள் பார்த்தது. தாளில் ஒன்று, கண்ணில் ஒன்று, இரண்டையும் ஒட்டுப்போட்டு மூன்று நிமிஷம் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறாள். விதி ஆறு. வேறு யாராவது செய்திருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் நடைபாதையில் பதினைந்து இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், டிபன் கேரியரோடு ஓர் அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். இவ்வளவு பேர் நிற்கிற வண்டியில் மூன்றாவது ஜன்னல் சீட் எப்படி எப்போதும் காலியாக இருக்கும்? யோசித்ததே இல்லையே. நம் அதிர்ஷ்டம் என்று உட்கார்ந்தாளே. ஒரு மழைநாள், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினபோது உள்ளே யாரோ, "வந்தாச்சு வந்தாச்சு, எடுங்கண்ணா" என்றார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துத் தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்போதும் சிரித்தார்கள். காலையில் நாச்சிமுத்து, "ஓடு ஓடு, உனக்கோசரம் பஸ்ஸு நிக்குமாக்கும்" என்று கிண்டல் செய்தால், "நான் கரெக்டா போவேன், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று தினம் தினம் சொல்லிவிட்டு வருகிறாள். கரெக்டாகப் போனாளாம். கேஸை அணைத்து, தண்ணீர் மோட்டாரை அணைத்து, பூட்டிய கதவை மறுபடி வந்து பூட்டிப் பார்த்து, தினம் ஒரு நிமிஷம் தாமதமாக, பதினோரு வருஷமும் தாமதமாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல் தாமதமாக வந்திருக்கிறாள். இந்த முட்டாள்தனத்தை ஒரு பஸ்ஸே சேர்ந்து மூடி வைத்திருக்கிறது. அரை நிமிஷத்துக்காக நடுரோட்டில் இறங்கிச் சண்டை போடுகிற ரங்கண்ணன், வண்டியை நிறுத்திவிட்டு அவள் வீட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தர் ஒரு நாள் சொல்லிக் காட்டவில்லை. அந்தப் பின்படிக்கட்டு, யாரோ ஒரு பிள்ளை, துல்லியம் என்கிற பெயர் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தினமும் இந்த வண்டியில் போகிற லேப் டெக்னீஷியன் என்று அவளே விக்கியில் தன்னைப் பற்றிய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். தெரிந்துதான் காரணம் எழுத மாட்டேன் என்றான். நேரம் தவறாதவள் என்று அவள் தன்னை நினைத்துக்கொள்வதை உடைக்க வேண்டாம் என்று, வருஷம் முழுக்கத் திட்டு வாங்கினான். எதிராளி நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொள். எழுதியது யார்? இவள்தான். சாரதாமணிக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் தூங்குகிற பெண்ணை எழுப்பிவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள்.

மணி எட்டு முப்பத்தெட்டு. அழுதுகொண்டிருந்தால் ஒன்பதாகிவிடும், அந்தப் பிள்ளையை நிரந்தரமாக வெளியே தள்ளிவிடுவார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு போனில் தட்ட ஆரம்பித்தாள். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் போடலாமா? போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், மானம் தப்பிக்கும். தட்டினாள். அனுப்பவில்லை. காரணம் சொல்ல மறுத்தல் என்று அவனைக் குற்றம் சாட்டிய கையால் காரணமில்லாமல் எழுதுவதா? இருநூறு பேர் படிப்பார்கள். ஊர்க்குருவி படிப்பார். துல்லியம் அம்மா தினமும் லேட்டு என்று நாளைக்கே ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது, பிரியமாகத்தானே சிரித்தது. வண்டி திரும்பியது, கட்டைவிரல் தவறியது, அழித்து அழித்து எழுதினாள். "பின்படிக்கட்டு எழுதியது சரி, நான் எடுத்தது தவறு. காலை நடையில் ரைஸ்மில்லுக்கு முன்னால் வண்டி சுமார் அரை நிமிடம் நிற்கிறது. எனக்காக நிற்கிறது. நான் தாமதமாக வருகிறேன். இன்று காலை வரை எனக்கு இது தெரியாது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன், மன்னிப்பும் கேட்கிறேன். அந்த வரியை வைப்பதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவு செய்யுங்கள். விதி ஒன்பதின்படி இனி அந்தப் பக்கத்தில் நான் கை வைக்கக் கூடாது." படித்துப் பார்க்கவில்லை. படித்தால் அனுப்ப மாட்டாள். அனுப்பிவிட்டாள்.

"ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி. அக்கா, உங்க ஸ்டாப்புங்." குப்புராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, கண்ணுல தூசிங்களா" என்றார். "ஆமாங்க" என்றாள். மூன்று பைகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். டிரைவர் சீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் ரங்கண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், முருகவேல் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி நகர்ந்தது. பின்படிக்கட்டில் நான்கைந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள், கல்லூரிப் பையன்கள், ஒரு பெண், மில் பேட்ஜ் போட்ட ஒருவர், எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு. யாரென்று கண்டுபிடிக்க அவள் முயற்சி செய்யவில்லை. ஆய்வகம் திறக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கையில் போன் அதிர்ந்தது. அவள் எழுதியதற்குக் கீழே ஒரு புதிய வரி, பின்படிக்கட்டு எழுதியது.

"ஒரு சிறு திருத்தம். அரை நிமிடம் இல்லை, முக்கால். மழை நாளில் ஒன்றரை."